தீ வைத்தவளின் மறுநாள்: 'தி டிராகன் ரிபப்ளிக்' நாவலும் வாசகர்களின் கோபமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் வாசிப்புக் குழுவில் ஐந்து பேர். மாதம் ஒரு புத்தகம் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து பேசுவோம். ஆர். எஃப். குவாங் எழுதிய ஃபேண்டஸி முத்தொகுதியின் முதல் பாகமான 'தி பாப்பி வார்' நாவலை ஐந்து பேருமே முடித்தோம். எதிரிப் படையிடம் ஒரு நகரம் சிதையும் கோலின் நீஸ் அத்தியாயத்துக்குப் பிறகு இரண்டு நாள் புத்தகத்தைத் தொட முடியவில்லை என்று எல்லோரும் சொன்னோம், ஆனாலும் முடித்தோம். அடுத்த பாகமான 'தி டிராகன் ரிபப்ளிக்' வந்தபோதுதான் குழு உடைந்தது. போதை மறுவாழ்வு வார்டில் செவிலியராக இருக்கும் தோழி முதல் சில அத்தியாயங்களோடு மூடி வைத்துவிட்டாள். எங்களில் இளையவனான ஒரு தம்பி கடைசிவரை படித்துவிட்டுக் கோபத்தோடு வந்தான். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், நாங்கள் 'சார்' என்று அழைப்பவர், முத்தொகுதியிலேயே இதுதான் உச்சம் என்றார். ஒரே புத்தகம்தான்.

எங்கள் குழுவில் நடந்தது தனிக் கதை இல்லை என்பது பிறகு தெரிந்தது. இந்த நாவலுக்கு உலகெங்கும் வந்த வாசகர் எதிர்வினைகள் கிட்டத்தட்ட இதே கோடுகளில்தான் பிரிந்து கிடக்கின்றன. எங்கே, ஏன் பிரிந்தன என்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முதல் இரண்டு பாகங்களின் கதையும் திருப்பங்களும் கீழே ஒளிவு மறைவின்றி வரும். மூன்றாம் பாகத்தின் முடிவை மட்டும் தொடப்போவதில்லை.

முதல் பாகம் விட்டுச் சென்ற இடம்

குவாங் 1996இல் சீனாவின் குவாங்சோவில் பிறந்தவர், சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா சென்றவர். 'தி பாப்பி வார்' நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு 19 வயது. 2018 மே மாதம் நூல் வெளிவந்தபோது 22கூட நிறையவில்லை. அறிமுக நாவலுக்கான காம்ப்டன் குரூக் விருதும் கிராஃபர்ட் விருதும் அதற்குக் கிடைத்தன. 2019 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரண்டாம் பாகம் வந்தது. அது ஹிரோஷிமா நாள். அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமைகளில் புத்தகம் வெளியிடுவது வழக்கம் என்பதால் தேதி தற்செயலாக அமைந்திருக்கும். ஆனால் முதல் பாகம் முடிந்த இடத்தை நினைத்தால் அந்தத் தேதி மனதை உறுத்துகிறது.

கதையின் நாயகி ரின். போரில் பெற்றோரை இழந்து, அபினி விற்கும் குடும்பத்தில் வளர்ந்த தெற்கத்திப் பெண். கறுத்த தோலும் நாட்டுப்புறப் பேச்சும் உள்ள அவள், தூக்கமில்லாமல் படித்து நாடு தழுவிய தேர்வில் வென்று, தலைநகரின் ராணுவக் கல்விக்கூடத்தில் நுழைகிறாள். முதல் பாகத்தின் முற்பகுதி முழுக்கப் பள்ளிக்கூடக் கதை: வாத்தியார், போட்டி, பகை, நட்பு. பிறகு முகென் நாடு படையெடுத்து வருகிறது. கோலின் நீஸ் என்ற நகரம் வீழ்கிறது. அந்த அத்தியாயத்தில் வருவதெல்லாம் 1937 டிசம்பர் 13 அன்று ஜப்பானியப் படையிடம் விழுந்த சீனாவின் நான்ஜிங் நகரத்துக்கு நேர்ந்தவை. ஏறத்தாழ ஆறு வாரம் நடந்த கொலையும் வன்புணர்வும் சாட்சிகளின் சொல்லில் பதிவாகியுள்ளன. இறந்தோர் 2 லட்சத்துக்கும் மேல் என்றது டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றம், 3 லட்சம் என்கிறது சீன அரசு. ஹார்பின் அருகே மனிதர்களை வைத்துச் சோதனை நடத்திய ஜப்பானியப் படையின் 731ஆம் பிரிவும் நாவலுக்குள் வருகிறது. அதன் தலைவர் ஷிரோ இஷீயின் பெயரில் பாதியை நாவலின் மருத்துவர் சுமக்கிறார்.

முடிவில் ரின் ஃபீனிக்ஸ் என்ற நெருப்புத் தெய்வத்தை அழைத்து முகென் நாட்டுத் தீவையே எரித்து அழிக்கிறாள். படைவீரர், குழந்தை என்ற வேறுபாடு அந்த நெருப்புக்கு இல்லை. முதல் பாகத்தைப் படித்து முடித்தவர்களில் பலர் அந்த இடத்தில் ஒரு கணமாவது மூச்சை நிம்மதியாக விட்டார்கள். நானும் விட்டேன். கோலின் நீஸைப் படித்த மனது அந்த நெருப்பைக் கேட்டது, அது கிடைத்ததும் அமைதியானது. இரண்டாம் பாகத்தின் மீது வந்த கோபத்துக்கு வேர் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

"முதல் பாகத்தைவிட இருட்டு" என்ற புகார்

மிகப் பரவலாகக் கேட்ட சொல் இது. அலுப்போடு சொன்னவர்களும் உண்டு, பாராட்டாகச் சொன்னவர்களும் உண்டு. பக்கம் பக்கமாகப் பார்த்தால் இது சரியில்லை. நான்ஜிங்கை ஒத்த நேரடிக் கொடூரம் இரண்டாம் பாகத்தில் எங்கும் இல்லை. ஆற்றுப் போர், ஏரிப் போர், முற்றுகை, நாடு யாருக்கு என்ற பேரம் இவைதான் நிறைய. அப்படியிருந்தும் வாசிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

காரணம், முதல் பாகத்தில் இருட்டு வெளியிலிருந்து வந்தது. எதிரி கொண்டுவந்தான். வாசகர் ரின்னின் பக்கம் நின்றுகொண்டு அதை வெறுக்க முடிந்தது. இரண்டாம் பாகத்தில் எதிரி நாடே இல்லை, அவளே எரித்துவிட்டாள். இப்போது இருட்டு அவள் கண்ணுக்குள் இருக்கிறது. கண்ணை மூடினால் தீவு எரிகிறது. கண்ணை மூடாமல் இருக்க, அல்லது மூடினாலும் எதுவும் தெரியாமல் இருக்க, அபினி புகைக்கிறாள். சிகெ என்ற சிறப்புப் படைக்கு இப்போது அவள்தான் தலைவி, ஆனால் தலைமை தாங்கும் நிலையில் இல்லை. பள்ளிக்கூடப் பகுதி தந்த இளைப்பாறலும் கிடையாது. அணை உடைந்து மூழ்கிப்போன ஊர்கள், பஞ்சம், வீடிழந்த மக்கள் என்று போரின் மிச்சத்தோடுதான் நாவல் தொடங்குகிறது. 1938இல் ஜப்பானியரைத் தடுக்க, சீனத் தேசியவாதிகளின் தலைவர் சியாங் கை ஷெக்கின் படை மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்துவிட்டதையும், அதில் மூழ்கியவர்கள் சொந்த நாட்டு மக்களே என்பதையும் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் இன்னும் கனக்கும்.

செவிலியத் தோழி நிறுத்தியதும் இங்கேதான். "தப்பா எழுதியிருந்தா படிச்சிருப்பேன். ரொம்ப சரியா எழுதியிருக்கு. வார்டுல பாக்குறது போதும் எனக்கு" என்றாள். ரின் நாளைக்கு நிறுத்திவிடுவேன் என்று தனக்கே சொல்லிக்கொள்வதும், அபினியை ஒளித்து வைப்பதும், படையினர் பார்த்தும் பாராததுபோல் இருப்பதும், பிறகு கப்பலில் அடைத்து வைத்து உடம்பிலிருந்து அதை இறக்குவதும் அவளுக்குத் தினப்படி வேலை. பல எதிர்வினைகளில் "இந்த அபினிப் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது" என்ற முறைப்பாடு வருகிறது. எனக்கு அது நீளமாகத் தெரியவில்லை. தொகுதியின் பெயரிலேயே அபினி தரும் கசகசாப் பூ (பாப்பி) இருக்கிறது. 1839இலும் 1856இலும் தொடங்கிய இரண்டு அபினிப் போர்களில் தோற்ற நாட்டின் நினைவை எழுதுகிறார் ஆசிரியர். அந்த அபினியில் பெரும்பகுதி பாட்னா, காசி வட்டாரங்களிலும் மால்வாவிலும் விளைந்து கப்பலேறியது என்பதை இந்திய வாசகர்களான நாமும் மறக்கக்கூடாது.

சராசரி மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது

குட்ரீட்ஸ் தளத்தில் முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகத்தின் சராசரி மதிப்பெண் சற்று அதிகம். இதை எடுத்துக்காட்டி "இரண்டாம் பாகம்தான் சிறந்தது, வாசகர்களே சொல்லிவிட்டார்கள்" என்று வாதிடுவோர் உண்டு. அது முழுக் கணக்கு இல்லை. மதிப்பெண் இட்டவர்களின் எண்ணிக்கை இரண்டாம் பாகத்தில் வெகுவாகக் குறைகிறது. முதல் பாகம் பிடிக்காதவர்கள், கோலின் நீஸோடு நின்றவர்கள், ரின்னின் கடைசிச் செயலை மன்னிக்க முடியாதவர்கள் எவரும் அடுத்த பாகத்தைத் தொடவே மாட்டார்கள். எங்கள் தோழியைப் போலப் பாதியில் வைத்தவர்களும் பெரும்பாலும் மதிப்பெண் போடுவதில்லை. எனவே அந்தச் சராசரி தங்கியவர்களின் குரல் மட்டும்தான். தொடர் நாவல்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இத்தனை கொடுமையைச் சொல்லும் தொடருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

அதனால் இந்த ஆய்வில் மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டுக் காரணங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"இவ ஏன் எல்லார் பேச்சையும் கேக்குறா?"

தம்பியின் கேள்வி இதுதான். "அக்கா, தெய்வத்தையே கூப்பிட்டு ஒரு தேசத்தையே எரிச்சவ. அவ ஏன் ஒவ்வொருத்தன் சொல்றதுக்கும் தலையாட்டிக்கிட்டு நிக்கிறா? எனக்கு எரிச்சலா வருது." உலகெங்கும் இந்த நாவலைப் பற்றி எழுதப்பட்ட குறைகளில் முதலிடம் இதற்குத்தான். ரின்னுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை, கோபப்படுகிறாள், கத்துகிறாள், கடைசியில் யாரோ ஒருவருக்குக் கீழே போய் நிற்கிறாள். முதல் பாகத்தில் சிகெ படையின் அன்றைய தலைவன் அல்தான். இப்போது யின் வைஸ்ரா.

வைஸ்ரா யார் என்று தெரிந்தால்தான் இந்த எரிச்சல் புரியும். அவர் டிராகன் மாகாணத்தின் படைத்தலைவர். பேரரசி தாஜியைக் கவிழ்த்துவிட்டு மக்களாட்சி கொண்டுவரப் போவதாகச் சொல்கிறார். ரின்னுக்கோ தாஜியைக் கொல்ல வேண்டும், ஏனென்றால் சிகெ படையை எதிரிக்கு விற்றவள் தாஜி. வைஸ்ரா கனிவாகப் பேசுகிறார், தேவைப்படும்போது கடுமையாகவும் பேசுகிறார். மகளைப் போல நடத்துகிறாரா, ஆயுதத்தைப் போல நடத்துகிறாரா என்று ரின்னுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை. போதாததற்கு, தாஜி அவள் மனதுக்குள் ஒரு முத்திரையைப் பதித்து ஃபீனிக்ஸை எட்டவிடாமல் செய்துவிடுகிறாள். முதல் பாகத்தில் ஒரு நாட்டையே எரித்த பெண் இரண்டாம் பாகத்தில் நெடுநேரம் நெருப்பே இல்லாமல் திரிகிறாள். நாயகியின் ஆற்றல் பாகத்துக்குப் பாகம் கூடிக்கொண்டே போவதைப் பார்த்துப் பழகிய வாசகர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள்.

இந்தக் குறையைச் சொல்பவர்கள் நாவலைத் தவறாகப் படிக்கவில்லை. அவர்கள் கண்டது உண்மையாகவே நாவலில் இருக்கிறது. ஆனால் அதைப் பிழை என்று கணக்கெழுதியதில்தான் நான் வேறுபடுகிறேன்.

ரின் வளர்ந்த விதத்தைத் திரும்பிப் பார்ப்போம். வளர்ப்புக் குடும்பம் அவளை வயதான ஒருவனுக்குக் கட்டிவைக்க ஏற்பாடு செய்தது. அதிலிருந்து தப்ப அவளுக்குக் கிடைத்த ஒரே வழி தேர்வு. தேர்வு என்பது இன்னொருவர் வகுத்த விதிகளுக்குள் வெல்வது. பிறகு ராணுவக் கல்விக்கூடம், பிறகு படை. கட்டளையைக் கேட்டுச் செய்தால் சோறும் மதிப்பும் கிடைக்கும் என்று அவளுக்குச் சொல்லித் தந்த இடங்கள்தான் எல்லாமே. யார் சொல்லும் இல்லாமல் அவளே முடிவெடுத்துச் செய்த முதல் பெரிய செயல் தீவை எரித்தது. அந்தச் செயலுக்குப் பிறகு சுயமாக இன்னொரு முடிவெடுக்க எவளுக்குத் துணிவு வரும்? கட்டளையிட ஒருவர் இருந்தால் பழியும் அவருடையது. கையில் பிடித்திருக்கும் கத்திக்குக் குற்ற உணர்ச்சி கிடையாது. தன்னை ஆயுதமாக நினைத்துக்கொள்வதில் ரின்னுக்குக் கிடைப்பது அந்த விடுதலைதான். அபினியும் வைஸ்ராவும் அவளுக்கு ஒரே மருந்தின் இரண்டு வடிவங்கள். ஒன்றை அவள் உடம்பிலிருந்து இறக்குவது நாவலின் முற்பகுதியில் நடக்கிறது. மற்றொன்றை இறக்க நாவலின் கடைசிப் பக்கம்வரை ஆகிறது.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "புரியுது அக்கா. ஆனா எரிச்சல் போகல" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அறுநூறு பக்கத்துக்கு மேல் ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவள் தெரிந்தே தவறான கதவைத் திறப்பதைப் பார்ப்பது களைப்பான வேலைதான். காரணம் தெரிந்துவிட்டால் களைப்பு போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சார் பார்த்த 1927

சாருக்குப் புத்தகம் வேறு விதமாகத் திறந்தது. வைஸ்ராவின் ஆர்லாங் நகரத்தில் தெற்கிலிருந்து ஓடிவந்த அகதிகள் வந்து குவிகிறார்கள். தெற்கு மாகாணங்களில் முகென் படையின் மிச்சசொச்சம் இன்னும் ஊர் ஊராக அழித்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்குப் படை அனுப்புங்கள் என்று தெற்கத்தித் தலைவர்கள் கெஞ்சுகிறார்கள். வைஸ்ரா அனுப்ப மறுக்கிறார். அவருடைய கண் வடக்கிலும், கடல் தாண்டிய ஹெஸ்பீரியர்கள் மீதும். ஹெஸ்பீரியர்கள் துப்பாக்கியும் பறக்கும் கப்பலும் ஒற்றைக் கடவுளும் உடைய மேற்கத்தியர்கள். நீங்கள் நாகரிகம் அடைந்தவர்கள்தானா என்று நிரூபித்தால் உதவுவோம் என்கிறார்கள். அவர்களின் துறவி பெட்ரா, ரின்னை மேசையில் கிடத்தி அளந்து குறித்துக்கொள்கிறாள்.

"வைஸ்ரா தெக்கத்திக்காரங்களக் கைவிட்டப்பவே எனக்கு 1927 ஞாபகம் வந்துருச்சு" என்றார் சார். 1927 ஏப்ரல் 12 அன்று ஷாங்காயில் சியாங் கை ஷெக், அதுவரை தன்னோடு தோள் சேர்த்து நின்ற கம்யூனிஸ்டுகளையும் தொழிலாளர்களையும் வேட்டையாடத் தொடங்கினார். அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் மாவோ ஹூனான் மாகாணத்து உழவர்களைத் திரட்டக் கிளம்பினார். நாவலின் கடைசியில், போர் வென்றபின் கூட்டணி முறிந்து, ரின் ஆர்லாங்கிலிருந்து தப்பித் தெற்கத்தி மக்களை நோக்கிப் போகிறாள். ரின்னின் வாழ்க்கைக் கோட்டை மாவோவை வைத்தே வரைந்ததாகக் குவாங் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்து படிப்பவருக்கு ரின் 'நம்ம பொண்ணு' இல்லை. மாபெரும் விடுதலையையும் மாபெரும் சாவையும் ஒரே கையால் தந்த ஒருவரின் இளமைக்காலத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வாசகர்கள் பிரிந்த கோடு எனக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிந்தது. ரின்னைத் தங்கள் பிள்ளையாக வரித்துக்கொண்டவர்கள் அவளுடைய ஒவ்வொரு தவறுக்கும் துடித்தார்கள், கடிந்துகொண்டார்கள், ஆசிரியரைக் குறை சொன்னார்கள். அவளை வரலாற்றின் ஒரு முகமாகப் பார்த்தவர்கள் அவள் எப்படி அந்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறாள் என்று ஆர்வத்தோடு படித்தார்கள். இரண்டாவது வகை வாசிப்பு அறிவுக்கு நிறைவு தருகிறது. ஆனால் முதல் வகை வாசகர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்களுக்குத்தான் இந்தப் புத்தகம் வலித்தது. வரலாற்றைத் தெரிந்துகொண்டு வலியிலிருந்து தள்ளி நின்றவர்களைவிட அவர்கள் நாவலுக்கு நெருக்கமாக இருந்தார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். முதன்மைப் பாத்திரம் பதின்வயதுப் பெண், ஆசிரியரும் இளம்பெண், முற்பகுதி பள்ளிக்கூடம் என்பதால் இந்தத் தொடரை இளையோர் நாவல் அலமாரியில் வைத்த கடைகளும் பரிந்துரைத்த வாசகர்களும் நிறைய. பதிப்பித்தது பெரியவர்களுக்கான ஃபேண்டஸி வெளியிடும் ஹார்பர் வாயேஜர். இளையோர் நாவல் என்று நம்பி வந்தவர்கள் முதல் பாகத்தின் பாதியில் அதிர்ந்தார்கள். அதன் விளைவாகத்தான் இந்தத் தொடருக்கு என்னென்ன கொடுமைகள் உள்ளே உள்ளன என்று முன்கூட்டியே பட்டியலிட்டுச் சொல்லும் வழக்கம் வாசகர்களிடையே உறுதிப்பட்டது. அது நல்ல வழக்கம். எங்கள் தோழிக்கு நான் அந்தப் பட்டியலை முன்பே காட்டியிருக்க வேண்டும். காட்டாதது என் தவறு.

நெஜாவின் கத்தி

பள்ளியில் ரின்னின் பகைவனாக இருந்த நெஜா, வைஸ்ராவின் மகன். முதல் பாகத்தில் இறந்துவிட்டதாக நினைத்தவன் இரண்டாம் பாகத்தில் உயிரோடு வருகிறான். இருவருக்கும் நடுவே மெதுவாக ஏதோ வளர்கிறது. சிறுவயதில் ஆற்றுக் குகையில் டிராகன் தெய்வம் அவனைப் பற்றிக்கொண்ட கதையையும், அந்த ஆற்றலை அவன் அருவருப்பதையும் ரின்னிடம் மட்டும் சொல்கிறான். பகை காதலாக மாறும் கதைகளில் தோய்ந்த வாசகர்கள் இந்தப் பகுதிகளைக் கொண்டாடினார்கள். அவர்கள் இருவரையும் சேர்த்து வரைந்த ஓவியங்களும் எழுதிய கதைகளும் ஏராளம். கடைசியில், மிக நெருக்கமாக நிற்கும் ஒரு கணத்தில், நெஜா அவள் முதுகில் கத்தியை இறக்குகிறான்.

இந்தக் காட்சிக்கு வந்த எதிர்வினைகளில் அழுகையும் கோபமும் கலந்திருந்தன. ஏமாற்றிவிட்டார் ஆசிரியர் என்றவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, தடயங்கள் எல்லாம் முன்பே கிடக்கின்றன. நெஜா தன் குடும்பத்துக்கும் தன் வர்க்கத்துக்கும் எதிராக ஒரு முறைகூட முடிவெடுத்ததில்லை. தெய்வங்களை அழைக்கக்கூடிய ஷாமன்களை அவன் நோயாகப் பார்க்கிறான், தன்னையும் சேர்த்து. தெற்கத்தி அகதிகள் பட்டினி கிடப்பதை ரின் பார்க்கும் அதே முற்றத்தில் அவன் நடந்து போகிறான், பார்ப்பதில்லை. காதல் கதையாக மட்டும் படித்தவர்களுக்கு அந்த முற்றம் பின்புலமாகத் தெரிந்தது.

அதே இரவில் சிகெ படையினர் அழிக்கப்படுவதைப் பற்றிய குறை மட்டும் நியாயமானது. இரண்டு பாகங்களாகக் கூடவே வந்தவர்கள், பல வேளைகளில் நாவலின் ஒரே சிரிப்பும் அவர்களே. அவர்களின் சாவு அவசரமாகக் கடந்துபோகிறது. போரில் சாவு அப்படித்தான் வரும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் கோலின் நீஸுக்கு அத்தனை பக்கம் தந்த கை இங்கே சுருங்கிவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. நடுப்பகுதியின் கப்பல் பயணங்களும் படை நகர்வுகளும் இழுக்கின்றன என்ற குறையும் பரவலானது. அதில் பாதி உண்மை.

விடை கிடைக்காத குறை

எல்லாக் குறைகளிலும் என்னை அதிகம் தொந்தரவு செய்தது ஒன்று. முகென் மக்களுக்கு இந்த நாவல்களில் முகமே இல்லை. படைவீரர்கள் கொடுமை செய்கிறார்கள், பிறகு மொத்தத் தீவும் சாம்பலாகிறது. அங்கே வாழ்ந்த ஒரு தாயையோ மீனவரையோ நாம் சந்திப்பதில்லை. சீனாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே இன்னும் ஆறாத புண் இருக்கும்போது, ஜப்பானை அப்பட்டமாக ஒத்திருக்கும் நாட்டை இப்படி எழுதலாமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

பதிலாகச் சொல்லப்படுவது, கதை ரின்னின் பார்வையிலேயே நகர்கிறது, அவர்களை மனிதர்களாகப் பார்த்தால் அவளால் மறுநாள் எழுந்திருக்க முடியாது, ஆகவே முகமில்லாமை அவளுடைய நோய் என்பது. இந்தப் பதிலை நான் ஏற்கிறேன், ஆனால் முழுதாக இல்லை. நாயகியின் குருட்டுத்தனத்தைக் காட்டுவதற்கும் அந்தக் குருட்டுத்தனத்தையே வாசகருக்குப் பழக்கிவிடுவதற்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. முதல் பாகத்தின் முடிவில் நான் விட்ட நிம்மதி மூச்சு அதற்குச் சாட்சி.

ஆனால் நாவல் ஒரு இடத்தில் இந்தக் கேள்வியைத் தன் மடியிலேயே வைத்திருக்கிறது. அது கிதாய். ரின்னின் பள்ளித் தோழன், கணக்கில் புலி, கண்ட எதையும் மறக்காதவன். கோலின் நீஸின் பிணக் குவியல்களுக்கு நடுவே உயிர் பிழைத்தவன் அவன். முகென் மீது வெறுப்பு கொள்ள எவருக்கேனும் உரிமை உண்டென்றால் அது அவனுக்குத்தான். அவன்தான் முதல் பாகத்தின் முடிவில், அந்தத் தீவில் இருந்த சாதாரண மக்கள் என்ன ஆனார்கள், குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று ரின்னிடம் கேட்டு விலகிப் போகிறான். இரண்டாம் பாகத்தில் முத்திரையால் அடைபட்ட ரின்னின் நெருப்பு திரும்ப வேண்டுமானால், இன்னொரு உயிரோடு அவள் உயிரைப் பிணைக்க வேண்டும் என்ற நிலை வருகிறது. அதற்கு ஒப்புக்கொள்பவன் கிதாய். அதன் பிறகு அவள் எரிக்கும் ஒவ்வொரு நெருப்பும் அவன் மனதின் வழியாகத்தான் வருகிறது, அதன் வலி அவனுக்கும் உண்டு. செத்தவர்களை எண்ணியவனே இனி எரிப்பவளுக்குக் கதவு. இந்தப் பிணைப்பைப் பலர் அழகான நட்பு என்று மட்டும் கொண்டாடினார்கள். எனக்கு அதில் நட்போடு ஒரு பெரிய அச்சமும் தெரிந்தது. சரி எது என்று அறிந்த மனிதர், அன்பின் பொருட்டு, தவறுக்கு எரிபொருளாவது எப்படி என்று நாவல் அங்கே காட்டுகிறது.

ரின்னோடு பள்ளியில் படித்த வென்காவைப் பற்றியும் ஒரு சொல். கோலின் நீஸில் முகென் படையினரிடம் சிக்கிச் சிதைக்கப்பட்டவள். இரண்டாம் பாகத்தில் படைக்குத் திரும்பி வருகிறாள். அவளைப் பரிதாபத்துக்குரியவளாகவோ புனிதராகவோ ஆக்காமல், முன்பிருந்த அதே கூர் நாக்கோடும் புதிய கோபத்தோடும் எழுதியதற்காக நன்றி சொல்லிப் பெண் வாசகர்கள் எழுதியவை, இந்த நாவலுக்கு வந்த எதிர்வினைகளிலேயே நான் அதிகம் மதிப்பவை.

மூன்றாம் பாகத்துக்குப் பிறகு

2020 நவம்பரில் 'தி பர்னிங் காட்' வந்தது. முத்தொகுதி 2021இல் ஹ்யூகோ விருதின் தொடர் பிரிவில் இறுதிப் பட்டியலுக்கும் போனது. அதன் பிறகு இரண்டாம் பாகத்தைத் திரும்பப் படித்த பலரின் பேச்சு மாறியது. ரின் கட்டளைக்கு ஏங்கிய பக்கங்கள், கட்டளையிட யாருமே இல்லாத ரின் எப்படியிருப்பாள் என்று தெரிந்தபின் வேறு மாதிரி ஒலித்தன. தம்பியும் அப்படித்தான் திரும்பிப் போனான். எரிச்சல் போய்விட்டதா என்று கேட்டேன். "அவ யாரோ ஒருத்தர் பேச்சக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கலாம்னு இப்ப தோணுது அக்கா. அப்படித் தோணுறதே எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

சார் மூன்று பாகங்களையும் அடுக்கி வைத்து, ஓரங்களில் பென்சிலால் ஆண்டுகளைக் குறித்திருக்கிறார்: 1839, 1927, 1937, 1938. சில பக்கங்களில் வெறும் கேள்விக்குறி மட்டும் இருக்கிறது. செவிலியத் தோழி இன்னும் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. போன மாதக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் கணக்குப் பையன், கிதாய், அவனாவது கடைசிவரைக்கும் நல்லா இருக்கானா?"

நீயே படித்துப் பார் என்று மட்டும் சொன்னேன்.